நிலா ஏன் ஓடிப்போகவில்லை

ஜூன் 3

அண்ணனுக்கு,

உங்கள் பணிநிறைவு விழா அழைப்பிதழ் வந்தது. முப்பத்துமூன்று ஆண்டு இயற்பியல் ஆசிரியர் என்று பொன்னெழுத்தில் போட்டிருக்கிறது. ஓரத்தில் உங்கள் கையெழுத்தில், ‘என் முதல் மாணவி நீதான், மேடையில் நாலு வார்த்தை பேசு’ என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

கம்பெனி மாடிப்படியில் வழுக்கி விழுந்து, கணுக்காலில் மாவுக்கட்டோடு ஒரு மாதமாகக் கிடக்கிறேன். காலர் தைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? மகள் போனில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். ஒரு கோள், ஒரு செயற்கைக்கோள். விரலால் இழுத்து விட வேண்டும். மெதுவாக விட்டால் கோளின் மேலேயே விழுகிறது. வேகமாக விட்டால் திரையை விட்டே ஓடிவிடுகிறது. நடுவில் ஒரு வேகம் இருக்கிறது, அதில் சுற்றிச் சுற்றி வருகிறது. இருநூறு முறை தோற்ற பிறகு புரிந்தது. சுற்றுவதும் விழுவதுதான். பக்கவாட்டில் ஓடும் வேகத்தால் தரையில் படாமல் விழுந்துகொண்டே இருக்கிறது.

புரிந்ததும் அழுதேன். பிறகு கோபம்தான்.

அப்போது எனக்குப் பதினாறு வயது, வீட்டில் நீங்கள்தான் பாடம் சொல்லித் தருவீர்கள். வானத்துக்கு மேலே ஈர்ப்பே கிடையாது, அதனால்தான் விண்வெளி வீரர்கள் மிதக்கிறார்கள் என்றீர்கள். “அப்போ நிலா ஏண்ணா ஓடிப்போகல?” என்று கேட்டேன். நோட்டைப் பிடுங்கி எறிந்தீர்கள். நேரே அப்பாவிடம் போய், “இவ மண்டையில படிப்பு ஏறாதுப்பா, தையல்ல சேத்துவிடுங்க” என்றீர்கள். மறுவாரமே சேர்த்துவிட்டார்.

நான் என்ன பேச வேண்டும், அந்த மேடையில்?

தங்கை

ஜூன் 11

அன்புள்ள குட்டிக்கு,

கால் ஒடிந்ததைக்கூட இப்படித்தான் தெரிவிப்பாயா? உடம்பைப் பார்த்துக்கொள்.

போனில் விரலைத் தேய்ப்பதெல்லாம் இயற்பியல் ஆகாதம்மா. சமன்பாடு வேண்டும், கணக்கு வேண்டும். உன்னைத் தையலில் சேர்த்தது அப்பா எடுத்த முடிவு. பழசைக் கிளறாதே. கார் அனுப்புகிறேன், விழாவுக்கு வந்துவிடு.

அன்புடன்,
அண்ணன்

ஜூன் 17

அண்ணனுக்கு,

செத்துப்போனவர் மேல் பழியைப் போடாதீர்கள். அவர் திரும்பிப் பேச மாட்டார் என்கிற தைரியமா?

சமன்பாட்டை மகளின் புத்தகத்தில் பார்த்தேன். தூரம் இரண்டு மடங்கானால் விசை கால்வாசி. இதையா என் மண்டையில் ஏறாது என்றீர்கள்? மிதக்கிற வீரர்களும் அவர்களுடைய கப்பலும் சேர்ந்தேதான் விழுகிறார்கள். அங்கேயும் ஈர்ப்பு இருக்கிறது. என் கேள்வி சரி, உங்கள் பதில் தப்பு.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அன்றைக்கு உங்களுக்குப் பதில் தெரியுமா, தெரியாதா?

தங்கை

ஜூன் 24

குட்டி,

தெரியாது.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நான்தான் அறிவாளி. உனக்கு முன்னால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் விளங்கியது. உன்னிடம் சொல்ல வாசல் வரை வந்தேன். நீ மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாய். திரும்பிப் போய்விட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வருஷா வருஷம் முதல் வகுப்பில், “நிலா ஏன் ஓடிப்போகல?” என்றுதான் பாடத்தைத் தொடங்குவேன். பிள்ளைகள் அசந்துபோவார்கள். நானே யோசித்த கேள்வி என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

மன்னித்துவிடு.

அண்ணன்

ஜூலை 2

அண்ணா,

தெரியாமல் சொன்னதை மன்னித்தாயிற்று. தெரிந்துகொண்டு வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனீர்களே, அதை மன்னிக்க முடியவில்லை. எனக்கு அப்போது பதினெட்டு வயதுதான். உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மிதிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து வந்திருப்பேன்.

விழாவுக்கு வரவில்லை. கட்டுப் பிரித்தாயிற்று. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுத விண்ணப்பம் போட்டிருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதா என்று கவுண்டரில் இருந்தவர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் சொன்னேன்.

சந்தேகம் வந்தால் மகளைக் கேட்டுக்கொள்கிறேன். அவள் தெரியாததைத் தெரியாது என்கிறாள்.

கோபம் தீர்ந்தால் நானே எழுதுவேன். அதுவரை நீங்கள் எழுத வேண்டாம்.

தங்கை