இரண்டாவது ஜாய்ஸ்டிக்கிலிருந்து ஒரு புகார்

கிழக்கே வங்கக்கடல், மேற்கே தி.நகர் பஸ் நிலையம், தெற்கே அடையாறு என்று பரந்து விரிந்த இந்தப் பேரரசில் வீடியோ கேமில் யாராலும் வெல்லப்படாதவளும், எப்போதாவது தோற்றால் "ஜாய்ஸ்டிக் சரியில்லடா" என்று சொல்லித் தோல்வியையே தோற்கடித்தவளுமான என் லூர்து அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. எனக்கு வயிறு எரிகிறது. ஓமத்தண்ணீர், சீரகத்தண்ணீர், மோர் எல்லாம் குடித்துப் பார்த்துவிட்டேன். மெரினாவை மொத்தமாக மொண்டு குடித்தாலும் அணையாத எரிச்சல் இது. காரணம் நீதான்.

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. உன் போன் இப்போது என்னிடம் இருக்கிறது. "அம்மா நம்பரை விட மனசு வரலை மாமா, நீங்களே வெச்சுக்கோங்க" என்று உன் மகள் ஷெரின் கொடுத்தாள். அதில் கரன்ட் பில் செய்தி வரும், பங்குக் கோயில் அறிவிப்பு வரும். அதெல்லாம் சரி. ஆனால் தினமும் காலையில் நான் காபியை வாயில் வைக்கும் நேரம் பார்த்து ஒரு சத்தம் வரும். எடுத்துப் பார்த்தால், "விசாலம் உங்களுக்கு ஓர் உயிர் அனுப்பியிருக்கிறார்."

யார் இந்த விசாலம்? உனக்கு உயிர் அனுப்ப அவள் யார்?

ஷெரினிடம் கேட்டேன். உன்னுடைய கேண்டி கிரஷ்தான். ஒரே நிற மிட்டாயை வரிசையாகச் சேர்த்து உடைக்கிற ஆட்டம். தோற்றால் ஓர் உயிர் போகும். எல்லாம் போய்விட்டால் தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கி ஆட வேண்டும். "அம்மா டெய்லி அவங்ககிட்டதான் மாமா லைஃப் கேப்பாங்க. டயாலிசிஸ்ல பக்கத்து பெட் மாமாவோட ஒய்ஃப். மயிலாப்பூர்" என்றாள்.

அதே ஆட்டம் என் போனிலும் இருந்தது அக்கா. என் பேரும் உன் பட்டியலில் இருந்தது. என்னிடம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீ உயிர் கேட்டதுண்டா?

பழைய கதையை எடுக்கிறேன், கேட்டுக்கொள். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வீடியோ கேம் கொண்டு வந்த அன்றே முதல் ஜாய்ஸ்டிக் உனக்கு, இரண்டாவது எனக்கு என்று நீயாகச் சட்டம் போட்டாய். கான்ட்ரா என்கிற சண்டை ஆட்டத்தில் நீ நீலப் பேண்ட், நான் சிவப்புப் பேண்ட். இரண்டு பேரும் துப்பாக்கியும் கையுமாக ஓட வேண்டும். அந்த ஆட்டத்தைச் செய்தவன் நம் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் செய்திருக்க வேண்டும். ஏனென்றால் அதில் ஒரு வசதி உண்டு. உன் உயிரெல்லாம் தீர்ந்துவிட்டால் ஒரு பட்டனை அமுக்கி, கூட ஆடுகிறவனின் கையிருப்பிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொள்ளலாம். அனுமதி தேவையில்லை. அமுக்கினால் வந்துவிடும்.

நீ புலி மாதிரி பாய்ந்து பாய்ந்து சாவாய். நான் மூட்டைக்குப் பின்னால் படுத்து, கஞ்சன் மாதிரி உயிரைச் சேர்த்து வைப்பேன். அருவி வரும். நீ மடமடவென்று மேலே ஏறிவிடுவாய். திரையும் உன்னோடு ஏறிவிடும். கீழே நிற்கிற நான் திரையை விட்டே போய்ச் சாவேன். அதுவும் போதாதென்று அடுத்த கட்டத்தில் நீ செத்ததும் பட்டனை அமுக்குவாய்.

"அக்கா! என் லைஃப் அது!"

"வெச்சுகினு இன்னாடா பண்ணப்போற? பேங்க்ல போடப்போறியா?"

நான் போட்ட கூச்சல் மந்தைவெளி வரை கேட்கும். அம்மா துடைப்பத்தோடு வருவாள். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டாய்.

இவ்வளவு திருடிய நீ, பிற்காலத்தில் ஒரு மயிலாப்பூர் மாமியிடம் கைநீட்டிக் கேட்டிருக்கிறாய் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

உன் மேல் மட்டுமில்லை, எனக்கு எல்லா ஆட்டத்தின் மேலும் பொறாமை. மேலேயிருந்து விழும் கட்டைகளை அடுக்குகிற டெட்ரிஸை எடுத்துக்கொள். அந்த நீளக் குச்சி உனக்காகவே மேலே வரிசையில் காத்திருக்கும். நான் உட்கார்ந்தால் வானத்திலிருந்து வளைந்ததும் நெளிந்ததுமாகத்தான் விழும். உன் அரிசி டப்பா அலமாரியைப் போல அடுக்குகிறவர்களுக்கே அந்த ஆட்டம். என்னைப் போல நாற்காலி மேல் துணி போடுகிறவர்களுக்கு இல்லை. பிறகு ரோடு ராஷ். பைக்கில் போகிறவனைப் பக்கத்து பைக்குக்காரன் உதைத்துத் தள்ளுகிற ஆட்டம். சாயங்காலம் எல்.பி. ரோட்டில் இலவசமாகக் கிடைப்பதற்கு யாராவது சிடி வாங்குவார்களா?

இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பார்த்தால் இன்னும் எரிகிறது. விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடருகிறார்கள். நாம் அப்படியா? கடைசி அரக்கன் கடைசி மூச்சு விடும்போது கரன்ட் போகும். உலகமே அழியும். மறுபடி முதல் காட்டிலிருந்து ஓட வேண்டும். அப்போது கேசட்டை வாயால் ஊதினால் ஆட்டம் வந்துவிடும். இப்போது ஆட்டம் வேண்டுமென்றால் முதலில் இறக்கு, அப்புறம் புதுப்பி, அப்புறம் காத்திரு. சில ஆட்டங்கள் இறங்கி முடிப்பதற்குள் எனக்கு இன்னும் கொஞ்சம் முடி கொட்டிவிடுகிறது.

ஷெரின் தரமணியில் வேலை முடிந்து வந்ததும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆடுகிறாள். "இது ஓப்பன் வேர்ல்டு மாமா, எங்க வேணா போலாம்" என்று ஒரு குதிரையைக் கொடுத்தாள். போனேன். மலை, காடு, நதி. வழியெல்லாம் குனிந்து குனிந்து மூலிகை பறித்தேன். கீரை பறிக்கவா நான் குதிரை ஏறினேன்? மயிலாப்பூர் மார்க்கெட்டில் ஒரு கட்டு வாங்கினால் கொசுறாகக் கொத்தமல்லியும் தருவார்கள். இன்னொன்றில் நூறு பேர் விமானத்திலிருந்து குதித்து ஒருவரையொருவர் சுட வேண்டும். காலைத் தரையில் வைக்கும் முன்பே செத்த ஒரே மாவீரன் நான்தான். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ரங்கநாதன் தெருவுக்குள் போய்ப் புடவையோடும் உயிரோடும் திரும்பியவள் நீ. உனக்கு அதெல்லாம் ஜுஜுபி. வாள் சண்டை ஆட்டம் ஒன்று, செத்தால் "நீ செத்தாய்" என்று திரை முழுக்க எழுதிக் காட்டுகிறது. நம் வீட்டில் அதை நீயே சொல்லிவிடுவாய். "செத்தியா? நவுரு."

ஆனால் ஓர் ஆட்டத்தைப் பார்த்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஆடுவது. கூட்டாளி அடிபட்டு விழுந்துவிட்டால் பக்கத்தில் போய் மண்டியிட்டுப் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தால் போதும், எழுந்து நிற்கிறான். தூசியைக்கூடத் தட்டிவிடுவதில்லை. நீ வாந்தி எடுத்தபோதெல்லாம் நான் வாளியும் கையுமாகப் பக்கத்திலேயே நின்றவன் அக்கா. எனக்கு அந்தப் பட்டன் எங்கே இருந்தது?

கிட்னி தருகிறேன் என்று நான் கிளம்பிப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். சிங்கம் போல நடந்து போனேன். ரிப்போர்ட்டில் என் சர்க்கரையைப் பார்த்த டாக்டர், "சார், உங்க கிட்னியை நீங்களே பத்திரமா பாத்துக்கங்க. அது உங்களுக்கு உழைச்சாலே பெரிய விஷயம்" என்றார். பூனை போலத் திரும்பி வந்தேன். நீ "டீ குடிச்சியாடா?" என்று மட்டும் கேட்டாய்.

அதன் பிறகு அடையாறில் டயாலிசிஸுக்கு உன்னைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும்தான் என் வேலை. ரத்தத்தைக் கண்டால் நான் மயங்கி விழுவேன் என்பது தென்னிந்தியா முழுவதற்கும் தெரியும். அதனால் கீழே டீக்கடையில் இருப்பேன். மேலே நீ என்ன செய்தாய் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. ஷெரின் சொன்னாள், "அம்மா டேப்லெட்ல பழைய கேமெல்லாம் போட்டு மாமிக்குக் கத்துக்குடுத்தாங்க மாமா."

"கான்ட்ராவுமா?"

"கான்ட்ராவும்தான்."

அன்று நான் சாப்பிடவில்லை. சரி, சாப்பிட்டேன். ஆனால் ருசிக்கவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல விசாலத்தின் உயிர் வந்தது. நீதான் இல்லையே, யாருக்கு இந்தத் தர்மம் என்று எனக்கு ஆத்திரம். "இந்தா உன் உயிர், நீயே வைத்துக்கொள்" என்று உன் போனிலிருந்து ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அங்கே அது யார் பேரில் போய் விழுந்திருக்கும்?

பத்து நிமிடத்தில் ஷெரின் போனில் கத்தினாள். "மாமா! என்ன பண்ணீங்க? மாமி பூஜை ரூம்லேருந்து கூப்பிடறாங்க. 'லூர்து எனக்கு உயிர் அனுப்பியிருக்கா, விளக்கேத்திட்டேன்'னு அழுவுறாங்க!"

மன்னிப்புக் கேட்கத் தெற்கு மாடவீதியில் இருக்கும் மாமி வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. மாமி காபி கொடுத்தார். நல்ல காபி, அதுவும் எரிச்சல். "அவ போயிட்டான்னு தெரியும். கல்லறைக்கே வந்திருந்தேனே. ஆனா கார்த்தால எழுந்ததும் கை தானா அனுப்பிடறது. நிறுத்தினா அவளை நானே அனுப்பிவெச்ச மாதிரி இருக்கு" என்றார். போன மாதம் நடந்த உன் வருடப் பூசைக்கு ஷெரின் அவரை அழைத்தாள். பூசை முடிந்து வீட்டில் எங்களுக்கு பிரியாணி, மாமிக்குத் தனியாகச் சாம்பார் சாதம்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஷெரின் ஒரு சின்னப் பெட்டியை டி.வி.யில் மாட்டினாள். பழைய ஆட்டமெல்லாம் அதில் இருக்கிறதாம். ஜாய்ஸ்டிக் இரண்டு. சோபாவில் உன் மூலையில் இந்த ஒரு வருடமாக யாரும் உட்கார்ந்ததில்லை. மாமி நேரே போய் அங்கே உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, முதல் ஜாய்ஸ்டிக்கை எடுத்தார்.

என் காதிலிருந்து புகை வந்தது. அடையாறு ஆலமரத்தில் இருந்த காக்கையெல்லாம் அந்தப் புகையில் பறந்து போயிருக்கும். இருந்தும் உட்கார்ந்தேன். எனக்கு இரண்டாவதுதானே தெரியும்?

அருவி வந்தது. மாமி ஏறிக்கொண்டே போனார்.

"மாமி, நில்லுங்க! நான் கீழ கீறேன்!"

"வாங்கோ வாங்கோ, மசமசன்னு நிக்காதேள்!"

செத்தேன். பனிமலைக் கட்டத்தில் மாமியின் உயிரெல்லாம் தீர்ந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் என் கையிருப்பில் ஒன்று குறைந்தது. நீலப் பேண்ட் வானத்திலிருந்து குதித்தது.

"இன்னா மாமி இது! என் லைஃபை எடுத்துட்டீங்க!"

"ஆமாம், எடுத்துண்டேன்."

"ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

மாமி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்கக்கா சொல்லியிருக்கா. 'உங்ககிட்டன்னா கேட்டுத்தான் மாமி வாங்கணும். எந்தம்பிகிட்ட நான் கேட்டதே கிடையாது. அமுக்குவேன், எடுத்துப்பேன். லபோதிபோன்னு கத்துவான். ஆனா ஜாய்ஸ்டிக்கை வெச்சுட்டு எழுந்து மட்டும் போகமாட்டான்'னு."

நான் மாமியைப் பார்த்தேன்.

"இன்னொண்ணும் சொன்னா. 'கிட்னிக்குத்தான் மாமி, நானும் அமுக்கிப் பாத்தேன், அவனும் குடுக்க வந்தான், பட்டன் வேலை செய்யலை'ன்னா. சொல்லிட்டு அவளே சிரிச்சுண்டா."

சிவப்புப் பேண்ட் பனியில் அப்படியே நின்றது. எவனோ சுட்டான். விழுந்தேன். இன்னொருவன் சுட்டான். மறுபடி விழுந்தேன்.

"என்ன நின்னுட்டேள்? சுடுங்கோ! எனக்கு லைஃப் வேண்டாமா?" என்றார் மாமி. ஷெரின் தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனவள், வெகுநேரம் வரவில்லை.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. கூடியிருக்கிறது. நான் கீழே டீ குடித்த மணி நேரமெல்லாம் நீ சொன்ன கதைகள் அந்த மாமியிடம் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. சனிக்கிழமைதோறும் வந்து ஒன்றிரண்டு அவிழ்க்கிறார். அதற்காகத்தான் அவரோடு ஆடுகிறேன், வேறு எந்த அன்பும் இல்லை. காலையில் வரும் உயிரையும் இப்போது உன் பேரில் ஏற்றுக்கொள்கிறேன். நீ மாட்டிக்கொண்டு விட்டுப்போன மிட்டாய்க் கட்டத்தில் தினமும் அதைத் தொலைக்கிறேன்.

அங்கே யாரோடு ஆடுகிறாய் அக்கா? உன் பக்கத்தில் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கோடு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? இருந்தால் எழுப்பிவிடு. சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருப்பதால் நான் வர நாளாகும். அதுவரை இங்கே மூட்டைக்குப் பின்னால் படுத்தாவது உயிர்களைச் சேர்த்து வைக்கிறேன். நீ வழக்கம்போல கேட்காமல் எடுத்துக்கொள். நான் மந்தைவெளி வரை கேட்கிற மாதிரி கத்துவேன். எழுந்து போகமாட்டேன்.

உன் தம்பி,
சிவப்புப் பேண்ட் செபா