ஒன்பதாம் பக்கத்தை எடுக்கச் சொல்லுங்கள்

அன்னாபா
வியாழக்கிழமை மாலை

ரிஹாமின் தந்தைக்கு, என் லாஸ்ஹருக்கு, நஸீஹா எழுதுவது. சலாம். இந்தக் கடிதம் வந்து சேரும்போது உங்கள் உடம்பும் மனசும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். இங்கே நானும் குழந்தையும் நலம். மாடியில் உங்கள் தங்கை ஸூலிகாவும் நலம். ரொம்பவே நலம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் அந்தப் பாலைவனத்து எண்ணெய்க் கிணற்றில் சிக்னல் நாலு வார்த்தைக்கு மேல் நிற்பதில்லை. நின்றாலும் உங்கள் அறையில் இருக்கிற மூன்று பேரும் சேர்ந்துதான் கேட்கிறார்கள். போன தடவை நான் கொஞ்சம் குரல் உயர்த்தியதற்கு, பின்னாலிருந்து எவரோ "விடுப்பா, சாயந்திரம் தானா சரியாயிடுவாங்க" என்றார். அவர் மனைவி கொடுத்து வைத்தவள். அதனால் இதை உங்களோடு வேலை பார்க்கிற தாஹரிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளை காலை வேலைக்குத் திரும்புகிறாராம். கூடவே ஒரு ஜாடி ஆலிவ் ஊறுகாயும் இருக்கிறது, சாய்க்காமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. மோட்டாரைச் சரிபார்க்க ஆள் வந்தார், பார்த்தார், தேநீர் குடித்தார், போய்விட்டார். ரிஹாம் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். இடது கையால் எழுதுவது நன்றாகவே பழகிவிட்டது. எழுத்து என் எழுத்தைவிட அழகு என்று அவள் டீச்சர் சொன்னார். நானும் ஒரு டீச்சர் என்பதை மறந்துவிட்டுச் சொன்னார் போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தெரு நூலகத்து வஹீதா அம்மா, நபிகள் பிறந்தநாள் மவ்லிது பண்டிகைக்கு முன்னால் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு படப் புத்தகம் போடுகிறார் என்று சொன்னேன் அல்லவா? பட்டாசு, மெழுகுவர்த்தி, மத்தாப்பு இதிலெல்லாம் எப்படி ஜாக்கிரதையாக இருப்பது என்று. என்னை எழுதச் சொன்னார். நான் கோடை விடுமுறை பூராவும் உட்கார்ந்து, எதுகை மோனையோடு பதினாலு அறிவுரை எழுதினேன். படத்துக்கு யார் என்று கேட்டபோது, நான்தான் வாய் தவறி ஸூலிகா பெயரைச் சொன்னேன். கடை ஜன்னல் கண்ணாடியில் "தள்ளுபடி" என்று எழுதி இரண்டு பூப்போடுகிறவள்தானே, என் எழுத்துக்கு ஓரத்தில் ஏதாவது வரைந்து கொடுப்பாள் என்று நினைத்தேன்.

அவள் என் பதினாலு அறிவுரையையும் வாசித்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "அண்ணி, இது புள்ளைங்க புத்தகமா, போலீஸ் ஸ்டேஷன் நோட்டீஸா?" என்றாள். எட்டை அடித்துவிட்டாள். மிச்சம் ஆறிலும் எதுகை போயிற்று, மோனை போயிற்று. "படம் சொல்றத நீங்க எதுக்கு இன்னொரு தடவை சொல்றீங்க?" என்று கேட்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன், உங்களுக்காக.

போன வாரம் நூலகத்தில் இருபது பிள்ளைகளை உட்கார வைத்து, அச்சுக்குப் போகும் முன் வாசித்துக் காட்டச் சொன்னார்கள். நான் குரலை ஏற்றி இறக்கி உயிரைக் கொடுத்து வாசிக்கிறேன். ஒரு வாண்டு எழுந்து வந்து, "டீச்சர், கையை எடுங்க, படம் மறைக்குது" என்றது. எல்லாப் பிள்ளைகளும் சிரித்தன, ரிஹாமும் சிரித்தாள். முடிந்ததும் வஹீதா அம்மா ஸூலிகாவைக் கட்டிப்பிடித்து, "அந்தக் கை எல்லாம் அப்படியே உசிரோட இருக்கு, கண்ணு!" என்று கொஞ்சினார். பிறகு நான் நிற்பது நினைவுக்கு வந்து, "உங்களோடதும் எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்லாம இருக்கு" என்றார். வயிறு எரிந்தது. உங்களிடம் மறைப்பானேன்? பொறாமைதான்.

புத்தகத்தை விடுங்கள், குழந்தை விஷயம் எனக்குத் தாங்கவில்லை. பள்ளிவிட்டு வந்ததும் பையை வீசிவிட்டு மாடிக்கு ஓடுகிறாள். நான் தைலம் தடவக் கூப்பிட்டால் வலது கையைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொள்கிறாள். "நானே தடவிக்கிறேன்மா" என்கிறாள். ஒரு வருஷமாக என் பெண்ணின் உள்ளங்கையை நான் வெளிச்சத்தில் முழுசாகப் பார்த்ததில்லை. நேற்று மாடிக்குப் போனால், மேசைமேல் அந்தக் கையை விரித்து வைத்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாள். எதிரே உங்கள் தங்கை அதைப் பார்த்துப் பார்த்து வரைகிறாள். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் சேர்ந்த இடத்தில் தோல் எப்படிப் பளபளக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த மேசைமேல் கிடந்ததுதான் புதிதாக வரைந்த ஒன்பதாம் பக்கம். மருதாணி வைத்து இரண்டு கையிலும் துணி சுற்றிய ஒரு சிறுமி, கையில் எரியும் மத்தாப்பு. போன மவ்லிதில் நம் வீட்டில் நடந்ததை ஊருக்கே காட்ட வேண்டுமா? குழந்தை அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் பயப்பட மாட்டாளா? நான் சொன்னால் கேட்க மாட்டாள், நீங்கள் அண்ணன் என்ற முறையில் எழுதுங்கள். மற்றப் பக்கமெல்லாம் அவள் இஷ்டம், ஒன்பதாம் பக்கத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. கடிதம் கிடைத்ததும் ஒரு போன் செய்துவிடுங்கள்.

சனிக்கிழமை மதியம்

உறையைப் பிரித்து மறுபடி எழுதுகிறேன். மணற்புயலால் நேற்று விமானம் இல்லை, தாஹர் நாளைதான் கிளம்புகிறார். மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். கிழிக்கவில்லை, நீங்கள் முதலில் அதையும் படியுங்கள்.

நேற்று வெள்ளிக்கிழமைக் குஸ்குஸ் சாப்பிட்டு முடித்து, ரிஹாம் பக்கத்து வீட்டுக்குப் போனபின், ஸூலிகா அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், அண்ணனுக்கு எழுதியாச்சு, இனி அவர் பேசிக்கொள்வார் என்றேன். அவள் ஒரு பழைய காகிதத்தை விரித்து, ஈரம் படாமல் அதன்மேல் படத்தை வைத்தாள். "அண்ணி, நீங்க முழுசா பாக்கலை. ஓரத்துல பாருங்க" என்றாள்.

பார்த்தேன். சிறுமிக்கு எதிரே ஒருத்தி நிற்கிறாள். முகம் இல்லை, இடுப்புக்குக் கீழேதான். என் நீலப் பாவாடை. படத்தின் மேல் விளிம்பில் இரண்டு கைகள், சிறுமியைப் படம் எடுக்கப் போனைப் பிடித்திருக்கின்றன.

லாஸ்ஹர், போன வருஷம் நான் உங்களிடம் சொன்னது பொய். ஸூலிகா மத்தாப்பைக் கொளுத்திக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள், நான் அடுப்படியில் இருந்தேன் என்று சொன்னேன். மத்தாப்புப் பெட்டியை வாங்கி வந்தது அவள்தான். அது மட்டும்தான் நிஜம். பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு அவள் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அன்று மதியம் ரிஹாமுக்கு வெல்வெட் கவுன் போட்டுப் படம் எடுத்து ஸூலிகா உங்களுக்கு அனுப்பியிருந்தாள். அதை அறை முழுக்கக் காட்டினதாகவும், ஸூலிகா எடுத்தால் தனி அழகு என்றும் நீங்கள் போனில் சொன்னீர்கள். சாதாரணமாகத்தான் சொன்னீர்கள், உங்கள்மேல் பழி போடவில்லை. எனக்கு அது குத்தியது. அவள் எடுத்ததைவிட நல்ல படம் ஒன்று நான் அனுப்ப வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. இருட்டுகிற நேரம், சுற்றிலும் மெழுகுவர்த்தி, மருதாணிக் கையில் மத்தாப்புப் பொறி பறந்தால் எப்படி இருக்கும்! துணி சுற்றிய கையால் அவளுக்குக் கம்பியைப் பிடிக்க வரவில்லை. நான்தான் துணி மடிப்புக்குள் செருகி, ஆடாமல் நிற்கும்படி இன்னொரு முடிச்சும் போட்டேன். "அசையாம நில்லு, சிரி" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். "சுடுதும்மா" என்றபோது, "ஒரு நிமிஷம், இதோ" என்றேன். கீழே போட முடியாதபடி கட்டி வைத்தவள் நான். துணி பற்றியபிறகு என் கையாலேயே அமுக்கி அணைத்தேன், அதை நான் சொல்லி என்ன பிரயோசனம்?

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்றபோது நீங்கள் போனில் அழுதுகொண்டே, எப்படி ஆச்சு, யார் கொடுத்தது என்று கேட்டீர்கள். என் வாயில் அவள் பெயர் வந்தது. தயாராக இருந்தது போல வந்தது. நீங்கள் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினீர்கள், பெருநாள் வரைக்கும் பேசாமல் இருந்தீர்கள். அவள் மறுத்துப் பேசவில்லை. தான் விட்டுப்போன பெட்டியிலிருந்துதான் குழந்தை எடுத்திருக்கிறது என்று இத்தனை நாளும் நம்பியிருக்கிறாள். நான் சொன்னதை அவளிடம் நீங்கள் முழுசாகச் சொல்லவில்லை போலும். திட்டுக்குக் காரணம் பெட்டி என்றே நினைத்துக்கொண்டாள்.

நிஜம் அவளுக்குத் தெரிந்தது இந்த மாதம்தான். ரிஹாம் கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, "அத்தை, துணி சுத்தின கையையும் போடுங்க. புத்தகத்துல யாருமே அத சொல்லல" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

தெரிந்தபிறகு உங்கள் தங்கை என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? உங்களுக்குப் போன் செய்யவில்லை. என் சட்டையைப் பிடிக்கவில்லை. ஈரக் கையோடு நான் நிற்க, "அண்ணி, பயப்படாதீங்க. பாவாடைக்குப் பதிலா என் பேண்ட்டை வரைஞ்சிடறேன். எப்படியும் அண்ணன் என்னைத் திட்டியாச்சு, அதுவே இருந்துட்டுப் போகட்டும். பக்கம் மட்டும் வேணும், இன்னொரு வீட்ல இப்படி ஆகக் கூடாது" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நல்லவளாக இருப்பதிலும் அவளேதான் ஜெயிக்க வேண்டுமா? "உன் பிச்சை எனக்கு வேண்டாம்" என்று கத்தினேன். அதற்குள் ரிஹாம் வாசலில் வந்து நிற்கிறாள். அவள் படத்தைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். "அத்தை அங்க இல்லவே இல்லையே. அம்மாதான இருந்தாங்க" என்றாள். பிறகு ஸூலிகாவிடம், "அம்மா கையால அணைச்சத ஏன் போடல? அதையும் போடுங்க" என்று அதிகாரமாகச் சொன்னாள்.

நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவளிடம் போனேன். கையை எனக்கு ஏன் காட்ட மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன், ஸூலிகா முன்னாலேயே. கொஞ்ச நேரம் சட்டைக் கையைத் திருகிக்கொண்டிருந்தாள். "அத்தை பாத்தா வரைவாங்க. நீ பாத்தா அழுவ" என்றாள். நியாயம்தானே. நேற்றும் அழுதேன்தான். ஆனால் நான் அழுதுகொண்டே தைலம் தடவ விட்டாள். விரல் இடுக்கில் தடவினால் கூச்சம் வருகிறதாம், நெளிகிறாள். எனக்குத் தெரியவே தெரியாது.

அதனால், முதலில் கேட்டதை நான் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். எதையும் எடுக்கச் சொல்லாதீர்கள். பாவாடை என்னுடையதாகவே இருக்கிறது, அணைக்கும் கையும் வந்துவிட்டது. கீழே எழுத எனக்கு இடம் விட்டிருந்தாள். புத்தகம் முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்து ஓடாதே, தொடாதே என்று எழுதியிருந்தேன். இந்த ஒரு பக்கத்தை மட்டும் அம்மாக்களுக்கு எழுதினேன்: "மருதாணிக் கையில் நெருப்பைக் கொடுக்காதீர்கள். துணி சுற்றிய கை எதையும் கீழே போட முடியாது. பிள்ளை சுடுகிறது என்று சொன்னால் உடனே நம்புங்கள்." எதுகை இல்லை, மோனை இல்லை. ஸூலிகா இரண்டு முறை வாசித்தாள், ஒரு எழுத்தையும் அடிக்கவில்லை. அவள் படத்தைவிட இது நன்றாக இருக்கிறது என்று எனக்குள் ஒரு குரல் சொல்லத்தான் செய்கிறது. அந்தக் குரலை நான் என்ன செய்யட்டும்? என்னோடேயே பிறந்தது.

இதைப் படித்து முடித்ததும் முதலில் ஸூலிகாவுக்குப் போன் செய்யுங்கள். அவளிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும், என்னால்தான் என்று சொல்லியே கேளுங்கள். பிறகு என்னைக் கூப்பிடுங்கள். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன், உங்கள் அறைக்காரர்கள் கேட்டாலும் பரவாயில்லை. கோபத்தில் விடுமுறைக்கு வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

ரிஹாமிடம் இதைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள், அல்லாஹ்வுக்காகக் கேட்கிறேன். போன வருஷம் ஆஸ்பத்திரியில், உங்கள் வாயாலேயே அவளிடம் கேட்டீர்களே, யாரு கண்ணு கையில குடுத்தாங்க என்று? போனை அவள் காதில் வைத்துப் பிடித்திருந்தது நான்தான். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஞாபகம் இல்லப்பா" என்றாள். ஏழு வயசு. நீங்கள் இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வாள், லாஸ்ஹர். இன்னொரு தடவை அவளைச் சொல்ல வைக்காதீர்கள்.

பாலைவனத்து வெயிலிலிருந்தும் இயந்திரங்களிலிருந்தும் இறைவன் உங்களைக் காக்கட்டும்.

உங்கள்
நஸீஹா