ஆயுதபூஜையில் கழுவப்பட்ட ஆய்வுக் குடுவைகள்

அனுப்புநர்
ஏ. சகாயமேரி,
க/பெ. ஏசுதாஸ்,
வண்ணமீன் வளர்ப்பு, மாதா கோயில் தெரு,
சேரப்பணஞ்சேரி.

பெறுநர்
உயர்திரு ஆய்வு அதிகாரி அவர்கள்,
நீர்மாசு ஆய்வுப் பிரிவு,
செங்கல்பட்டு மாவட்டம்.

பொருள்: ஒரகடம் சாலை எண்ணெய்க் கம்பெனியின் கழிவுநீரைச் சித்தேரியில் விட அளித்த அனுமதியை நிறுத்திவைத்து, நீர்த்தெள்ளு ஆய்வை மறுபடி நடத்த வேண்டுதல்.

பார்வை: தங்கள் அலுவலக உத்தரவு, நாள் 14.11.1986.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வீட்டுப் பின்புறம் சிமெண்டுத் தொட்டிகளில் கப்பி, மோலி, ஏஞ்சல் மீன்களை வளர்த்துப் பட்டணத்துக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். மீன்குஞ்சுகளுக்குத் தீனி, சித்தேரியில் துணிவலை போட்டு அள்ளும் தண்ணிப்பூச்சி. அதைத்தான் தங்கள் அலுவலகத்தார் நீர்த்தெள்ளு என்கிறார்கள். பெயர் எதுவானாலும் என் குடும்பத்துக்குச் சோறு போடுவது அதுதான். ஏரியில் அது இல்லாமற்போனால் என் தொட்டிகளில் துணி ஊறவைக்கலாம், வேறு உபயோகம் கிடையாது.

2. மேற்படி கம்பெனி ஆமணக்கெண்ணெயின் கொழுப்பு அமிலத்தோடு ஆல்கஹால் சேர்த்துக் காய்ச்சி, மில் நூலுக்கு வழவழப்பு ஏற்றும் எஸ்டர் என்ற சரக்கைத் தயாரிக்கிறது. பாத்திரம் கழுவும் தண்ணீரை ஏரிக்கு விட அனுமதி கேட்டார்கள். தங்கள் அலுவலகத்தார் அந்தத் தண்ணீரில் பூச்சிகளை இரண்டு நாள் விட்டுப் பார்த்ததில் எல்லாம் உயிரோடு இருந்தன. கம்பெனியார் அன்றே லட்டு கொடுத்துவிட்டார்கள். லட்டு நன்றாக இருந்ததை நான் மறைக்கவில்லை.

3. ஆனால் தங்கள் ஆய்வு உதவியாளர் திரு. நரசிம்மன் அவர்கள், சாகாமலிருந்தால் மட்டும் போதாது, மூன்று வாரம் வைத்து அவை குட்டி போடுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லி நீண்டகால ஆய்வைத் தொடங்கினார். அவர் நல்லாயிருக்க வேண்டும். ஆய்வுக்குத் தாய்ப்பூச்சிகளை இலவசமாகக் கொடுத்தவள் நான். கம்பெனியின் பரிசோதனை அறையில் எட்டுக் குடுவைகள் வைக்கப்பட்டன. நான்கில் வெறும் ஏரித்தண்ணீர், நான்கில் கழிவு கலந்த தண்ணீர்.

4. பூஜை விடுமுறைக்கு முன் திரு. நரசிம்மன் எடுத்த கணக்குப்படி, ஏரித்தண்ணீர்க் குடுவைகளில் திருவிழாக் கூட்டமாகக் குட்டிகள்; கழிவுநீர்க் குடுவைகளில் தாய்ப்பூச்சிகள் சுகமாக இருந்தும் ஒரு குட்டிகூட இல்லை. இது தங்கள் அறிக்கையிலேயே உள்ளது. எல்லாக் குடுவைக்கும் அதனதன் வகைத் தண்ணீரையே புதிதாக மாற்றிவிட்டு அவர் ஊருக்குப் போனார். திரும்பி வந்து எண்ணிக்கை மட்டும் எடுத்தார். எட்டிலும் ஒரேமாதிரி குட்டிகள்! "தொடக்கத்தில் தாமதம் காணப்பட்டாலும் உயிரினங்கள் பின்னர் நன்கு தேறிவிட்டன" என்று முடிவெழுதி அனுமதியும் வழங்கப்பட்டது.

5. அவை எப்படித் தேறின என்பது சென்ற வாரம்தான் எனக்குத் தெரிந்தது. கம்பெனிக் காவலாளி திரு. சுப்பராயன், என் பூச்சிகள் பாஸானதற்கு என்னைப் பாராட்டவே வீடு தேடி வந்தார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்:

"இன்னாம்மா, ஆயுதபூஜைக்கு மிஷினு, ஸ்பேனரு, சைக்கிளு எல்லாத்தையும் கழுவி வெச்சிட்டு, இதுங்கள மட்டும் எண்ணெத் தண்ணில வுட்டா நல்லாவா கீது? எட்டு குடுவையும் ஒரே பக்கெட்ல கொட்டி, சுத்தமா தேச்சி, நம்ம கெணத்துத் தண்ணி ஊத்தி, பூச்சிங்கள சமமா பங்கு போட்டு வுட்டேன். குடுவை மேல ஒட்டுன பேர்ச்சீட்டு ஒண்ணுகூட நனையல. சந்தனம் குங்குமமும் வெச்சேன். ஒரு உசுரு சாவல தெரியுமா!"

6. ஐயா, என் கணவர் சிரித்த சிரிப்பில் அவருக்குக் காபி புரையேறிவிட்டது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு உத்தரவிலுள்ள தேதி நினைவுக்கு வந்ததும் அதை எடுத்து மறுபடி படித்தேன். டிசம்பர் முதல் தேதி, கழிவுநீர் ஏரிக்குப் போகாமல் அடைத்திருக்கும் கால்வாய்ப் பலகையை எடுத்துவிடப் போகிறார்கள்.

7. தங்கள் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், "குடுவைகளின் வெளிப்புறம் செந்நிறப் பொருள் ஒன்று காணப்பட்டது, காரணம் அறியப்படவில்லை" என்று உள்ளது. காரணம் இப்போது அறியப்பட்டது. அது குங்குமம்.

8. நான் யார்மீதும் குற்றம் சொல்ல வரவில்லை. திரு. நரசிம்மன் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனது தவறா? திரு. சுப்பராயனோ ஊர் வழக்கப்படிதான் செய்தார், அதுவும் பாசத்தோடு செய்தார். கம்பெனி நடக்கட்டும், எங்கள் தெருப் பெண்களே பலர் அங்கே வேலை செய்கிறார்கள். அந்தத் தண்ணீர் கெடுதல் என்று நானே தீர்ப்புச் சொல்லவும் இல்லை. சரியாகப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

9. ஆகவே பழைய முடிவை ரத்து செய்து, புது ஆய்வு முடியும்வரை கால்வாய்ப் பலகையை எடுக்காதபடி உடனே உத்தரவிட வேண்டுகிறேன். தாய்ப்பூச்சிகளை மறுபடியும் இலவசமாகத் தருகிறேன். பரிசோதனை அறைக்குப் பூட்டும் நானே வாங்கித் தருகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம்: இப்போதே தொடங்க வேண்டாம். கிறிஸ்துமஸ் வருகிறது, எங்கள் ஆட்கள் கண்ணில் படுவதையெல்லாம் கழுவி வெள்ளையடிப்பார்கள். அதற்குத் தப்பினால் போகி இருக்கிறது. பொங்கல் கழிந்தபின் தொடங்குவதே எல்லா உயிருக்கும் நல்லது.

10. இந்த மனுவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் வேலைக்கு ஆபத்து வரலாம் என்று திரு. சுப்பராயனிடம் நான் சொல்லிவிட்டேன். கால்வாய்ப் பலகையை எடுக்கப் போகும் விவரத்தையும், பூஜைக்கு முன் எடுத்த முதல் கணக்கையும் சொன்னேன். அவர் முகம் வாடிப்போயிற்று. "அப்போ நான் கெணத்துத் தண்ணி ஊத்திக் காப்பாத்துனதுங்க கெடக்கட்டும், ஏரில கீறதுங்களுக்கு எவன் தண்ணி மாத்துவான்?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டார். பதில் தங்களிடமிருந்து வரும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பதிலை எதிர்நோக்கும்,
ஏ. சகாயமேரி

இடம்: சேரப்பணஞ்சேரி
நாள்: 24.11.1986

சாட்சி: சுப்பராயன், காவலாளி.
(இனிமேல் குடுவைகளைத் தொடமாட்டேன்.)