வெயில் காலத்துப் படங்கு

ஜனவரி 19
சசிரேகா போன் செய்தாள். ஏப்ரலில் அவளுக்கு வளைகாப்பு, கோயம்புத்தூரில். "நீ வராம எப்படிம்மா?" என்றாள். பஸ்ஸில் வாந்தி வரும் என்று வழக்கமான பொய்யைச் சொன்னேன். வாந்தியாவது ஒன்றாவது. தும்மினால், சிரித்தால், பஸ் குலுங்கினால் மூத்திரம் கசிகிறது. இதைப் பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வது?

ஜனவரி 27
மழையே இல்லை. ஆனாலும் இடுப்பில் மழைக்குக் கட்டும் பிளாஸ்டிக் படங்கைக் கட்டிக்கொண்டுதான் தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். ஈரம் தெரியாது. கேட்டால் பனி என்று சொல்ல வேண்டும். நல்லவேளை, யாரும் கேட்பதில்லை.

பிப்ரவரி 4
எஸ்டேட் நர்ஸ் சரிதா, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் கூட்டம் வைத்தாள், வயதான பெண்களுக்கு மட்டும். மலையிலிருந்து நேராகப் போய், குழந்தைகளின் குட்டி பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தோம்.

"இருமுனா யாருக்கெல்லாம் கசியுது?"

ஒரு கையும் எழவில்லை. எல்லாரும் கூரையைப் பார்த்தோம்.

"சரி. வெளியில இந்த வெயிலு அடிக்குது. எதுக்கு இத்தனை பேரு படங்கு கட்டியிருக்கீங்க?"

முதலில் சிரித்தது கங்காணி பாலாமணி. எங்களை விரட்டுகிறவள், அவளும் படங்கோடு! சிரித்த சிரிப்பில் பாதிப் பேர் கக்கூசுக்கு ஓடினோம்.

"மூத்திரத்த அடக்குற மாதிரி உள்ளுக்கு இழுத்து, அஞ்சு எண்ணி விடுங்க. தினமும் செய்யணும். தண்ணி குடிக்கிறதைக் குறைக்காதீங்க" என்றாள் சரிதா.

பிப்ரவரி 11
இழுக்கும்போது முகம் கோணுகிறது. தன்மேல் கோபம் என்று நினைத்து வீட்டுக்காரர் செல்லையா கேட்காமலே விறகு பிளந்தார். நான் விளக்கம் சொல்லவில்லை.

மார்ச் 2
இன்னைக்கும் கசிஞ்சிடுச்சு. என்னத்த இழுத்து என்ன — அழுகையா வருது. பாலாமணி திட்டினாள்: "மூணு மாசம் ஆகும்னு அந்த நர்ஸ் புள்ள சொல்லுச்சே சுப்பம்மா, காதுல விழலையா?"

மார்ச் 24
கொழுந்து நிறுக்கும் வரிசையில் பாலாமணி கண்ணைக் காட்டினால் நாங்கள் பத்துப் பேரும் வாய் மூடி இழுக்கிறோம். ஆபீசர் ஞானசீலன் பயந்துபோய், "என்னம்மா, ஸ்டிரைக்கா?" என்றார்.

ஏப்ரல் 23
வளைகாப்புக்குக் கோயம்புத்தூர் போய்விட்டு வந்தேன். குன்னூர் இறக்கத்தில் ஒரு தும்மல், ஒரு சொட்டு. அவ்வளவுதான். சசியிடம் உண்மையைச் சொன்னேன். "எனக்கும் இப்ப அப்படித்தாம்மா" என்றாள். வளையல் கையோடு அவளையும் இழுக்க வைத்தேன்.

ஜூன் 6
மழை பிடித்துவிட்டது. காலையில் படங்கு கட்டினேன், மழைக்காக.