அரக்குக் கொப்பரையை அடுப்பினின்று இறக்குக

அலை ஓயாத பெருங்கடல் நம்மைக் காக்க. மழையும் திருவும் குறைவின்றி நிலைக்க. ஏழ் தீவுக்கும் கோமகளாய், உப்பங்கழி முதல் பவழக்கரை வரை ஆணை செலுத்தும் பொலங்கொடி மாதேவி, வெண்சங்கத் துறையின் காவலரும், பெரும்புயலில் நம் கலங்களைக் கரைசேர்த்த பெருமைக்கு உரியவருமாகிய தித்தனார்க்கு விடுக்கும் ஓலை. உமது துறையில் வலைகள் நிறைக. உமது மனையில் விளக்குகள் ஒளிர்க. உமது முழங்கால் நோவும் தணிக.

அவை கூடிய முதல் நாளே, இனித் தீர்ப்பில் ஐயமில்லை என்று நம்மிடம் விடைபெற்று, அரக்குக் காய்ச்சும் கொப்பரையை ஆயத்தம் செய்ய நீர் துறைக்குத் திரும்பினீர். சற்றே பொறுத்திருக்கலாம். நீர் சென்றபின் நடந்தவற்றை இப்போது நாமே சொல்ல வேண்டியதாயிற்று. சினம் கொள்ளாது முழுவதும் படிப்பீராக.

நீர் தொடுத்த வழக்கு இது: கருஞ்சுறவு என்னும் கொள்ளைக்கலத்தின் தலைவி கொற்றியை, பாழிப்பாறையில் வாழும் ஓதை என்னும் கடலணங்கு தன் பாட்டால் மயக்கித் தன்பால் ஈர்த்துக்கொண்டாள் என்பது. மாந்தரை மயக்கித் தன் துணையாக்கிக்கொண்ட அணங்கின் தொண்டையில் உருகிய அரக்கை வார்த்துக் குரலை அழிக்க வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த சட்டம். மயங்கியவர்க்கோ எக்குற்றமும் இல்லை. ஆதலால், மயங்கினேன் என்னும் ஒரு சொல்லைக் கூறிவிட்டால், கொற்றி தன் கொள்ளைகளுக்கும் மன்னிப்புப் பெற்றுத் தன் கலத்தோடு போகலாம். மறுத்தாலோ வாழ்நாள் முழுதும் சிறை.

அவ்வொரு சொல்லைக் கூறுமாறு நாம் திரும்பத் திரும்பக் கேட்டோம். தான் மயங்கவில்லை என்றும், ஓதையை விரும்பியே சேர்ந்ததாகவும் அவள் விடை பகர்ந்தாள். இப்படியும் ஒரு பிடிவாதமா என்று நமக்கு எரிச்சலே வந்தது. அவள் கலத்து மகளிரும் தம் தலைவி மயங்கக்கூடியவள் அல்லள் என்றே சாதித்தனர். பாழிப்பாறையைக் கடக்கையில் எல்லாரும் செவியில் தேன்மெழுகு அடைத்துக்கொள்ள, கொற்றி ஒருத்திதான் திறந்த செவியோடு சுக்கான் பிடித்து நிற்பாளாம். அந்த நெஞ்சுறுதியைக் கண்டே அவளைத் தலைவியாகத் தேர்ந்தனராம்.

இருவரும் சேர்ந்த கதையையும் கேட்டோம். ஒருநாள் பாறையருகே, பாடிக்கொண்டிருந்த ஓதையின் தோளில் பெரிய தூண்டில் முள் ஒன்று ஆழப் புதைந்திருக்கக் கண்ட கொற்றி, நீந்திச் சென்று அதனைப் பிடுங்கி, காயத்தில் எண்ணெய் தடவினாள். தன் பாட்டைக் கேட்டோர் எல்லாம் பித்துப்பிடித்துக் கடலில் குதித்தார்களே அல்லாமல், தன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தவர் அன்றுவரை எவரும் இலர் என்று ஓதை கூறினாள். நம் நெஞ்சு இளகிற்று. அதுவும் மயக்கமே என்று உமது வழக்குரைஞர் வாதிட்டார்.

மறுநாள் கொற்றி நம் முகம் நோக்கி நின்றாள். அவளுக்குப் பின்னே உப்புநீர்த் தொட்டியில் இருந்த ஓதை திடீரென எழுந்து, கொற்றியைப் பாட்டால் மயக்கியது உண்மையே என்றும், குற்றம் முழுதும் தன்னுடையது என்றும், தன் தொண்டையில் அரக்கை வார்த்து அவளை விடுவிக்க வேண்டும் என்றும் உரக்கக் கூறினாள். அவை முழுதும் ஆரவாரித்தது. சாமரம் வீசிய பெண் சாமரத்தை நழுவவிட்டாள். கொற்றி மட்டும் திரும்பவில்லை. அடுத்த கேள்விக்காக நம் உதடுகளையே பார்த்தபடி அமைதியாக நின்றாள்.

தித்தனாரே, அப்பொழுதுதான் நமக்கு விளங்கியது. அவளுக்குச் செவி கேளாது.

அவையை அடக்கி, வாயசைவு நன்கு தெரியுமாறு, ஓதை கூறியதை நாம் மெல்ல அவளுக்கு உரைத்தோம். அவள் முகம் வெளுத்தது. நம் கடற்படையை அலைக்கழித்த அம்மறமகள் குழந்தை போல் அழுதாள். பின் தன் கலத்து மகளிரை நோக்கித் திரும்பி, இளமையில் கண்ட காய்ச்சலில் செவி போயிற்று என்றும், உதடு பார்த்தே பிறர் உரையை அறிந்து வந்ததாகவும், பாறையைக் கடந்தது துணிவால் அன்று என்றும், தெரிந்தால் தலைமை பறிபோகும் என்று அஞ்சி மறைத்ததாகவும் சொன்னாள். பாட்டே கேளாதவளை எந்தப் பாட்டு மயக்கும் என்று நம்மை வினவினாள். உமது வழக்குரைஞர் தம் ஏடுகளைக் கட்டி வைத்தார்.

ஓதை இதனை முன்பே அறிந்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தன் குரலைக் காத்துக்கொண்டிருப்பாள். எவரிடமும் சொல்லேன் என்று கொற்றிக்குக் கொடுத்த வாக்கிற்காக, இல்லாத குற்றத்தை ஏற்றுத் தொண்டையை நீட்டினாள். நாம் அழுதோம். அவையோர் கண்டனர், காணட்டும்.

செவி கேளாதவர் தலைமை ஏற்கலாகாது என்பது அக்கலத்தாரின் கட்டளை. இத்தனை காலம் அவள் சுக்கான் பிடித்ததைக் கண்டபின்னும் அதனை மாற்ற அவர்களுக்குத் தோன்றவில்லை. சட்டம் என்று வந்துவிட்டால் கொள்ளையரும் நம் அமைச்சர்களைப் போலவே ஆகிவிடுகின்றனர். துணைத்தலைவி மருதி, அழுதுகொண்டே, கொற்றியின் இடையிலிருந்த தலைமைக் கச்சையை அவிழ்த்தாள். கொற்றி தடுக்கவில்லை. அவள் கொள்ளைகளுக்கு அந்த இழப்பே தண்டனை என்று தீர்த்தோம்.

உம் தமையனாரின் கலம் பாழிப்பாறையில் உடைந்ததை நாம் மறக்கவில்லை. அது உமக்கு ஆறாத துயர். ஆற்றிக்கொள்ளும் என்று சொல்ல நமக்கும் வாய் வரவில்லை. ஆயினும் அந்நாளில் ஓதை பிறக்கவும் இல்லை. உமது துயருக்கு இவள் தொண்டையை ஈடாகக் கொடுக்க நம்மால் ஆகாது.

இருவரும் இவ்வோலை வரும் படகிலேயே வருகின்றனர். ஆதலால் ஆணையிடுகிறோம். அரக்குக் கொப்பரையை அடுப்பினின்று இறக்குக. ஓதையின் இடையில் பூட்டிய சங்கிலியை, பூட்டிய உமது கையாலேயே கழற்றுக. நம் படகுகளில் உறுதியான ஒன்றைப் பாயும் துடுப்பும் நன்னீரும் சேர்த்து அவர்க்கு அளிக்க. துறையில் பறையறைந்து அறிவிக்கையில், கள்வி என்றும் மாயக்காரி என்றும் கூறற்க. ஒருத்திக்கு ஒருத்தி வாழ்க்கைத் துணை என்றே கூறுக.

விடைகொடுக்கும் வேளையில், கேளாதவளுக்கு உன் குரலால் என்ன பயன் என்று ஓதையிடம் வினவினோம். இரவில் தான் பாட, தன் தொண்டையின்மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வை உணர்ந்தபடியே கொற்றி உறங்குவாள் என்றும், பாட்டு நின்றால் விழித்துக்கொள்வாள் என்றும் அவள் விடை கூறினாள்.

அவள் உறங்கட்டும், தித்தனாரே. இரட்டைச் சுறா முத்திரையை நம் கையாலேயே இட்டோம். கடலில் உப்பு உள்ளளவும் இவ்வாணை நிற்க.