உன் மொழியில் நான் ஒன்றாம் வகுப்பு

கிட்வே,
அக்டோபர் 9

என் செல்ல மகள் கசோண்டேவுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம், ஸ்வீடனில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று ஆண்டவரை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, முதல் மழைக்கு இன்னும் மூன்று வாரமாவது ஆகும். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் கபெண்டா கருவாட்டில் உப்பு குறைந்தால் மட்டும் வலி கூடிவிடுகிறது. நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் பனி பெய்ததா என்று கேட்கிறேன், பெய்தது என்கிறாய், அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

நம் பேச்சு எங்கே நின்றது என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால், சுரங்கத்தில் யார் எந்த ஷிப்ட் என்று பிரித்துக்கொடுக்க நான் எழுதிய அறுநூறு வரி புரோகிராமை உன் புதுக் கம்ப்யூட்டர் மொழியில் நாற்பதே வரியில் எழுதி அனுப்பினாய், பாரும்மா என்று ஒரு வார்த்தையும் சேர்த்து. நான் என்ன செய்தேன்? அச்செடுத்து, சிவப்பு மையில் பதினேழு தப்பு கண்டுபிடித்து, போட்டோ பிடித்துத் திருப்பி அனுப்பினேன். இருபத்தெட்டு வருஷம் கம்ப்யூட்டர் பிரிவில் குப்பை கொட்டியவளுக்கு மகள் பாடம் நடத்துவதா என்ற திமிர். "அம்மா, நான் எழுதினத நீ படிக்கவே இல்ல, நீ எழுதியிருந்தா என்ன இருக்கும்னு தேடிட்டிருக்க" என்றாய். அதற்குப் பிறகு நீ எழுதும் எதையும் எனக்குக் காட்டியதில்லை. பனியை மட்டும் காட்டுகிறாய்.

இப்போது ஒரு சேதி, சிரிக்காதே. சனிக்கிழமை காலையில் சர்ச் கூடத்தில் உன் மொழியைச் சொல்லித்தருகிறார்கள், நான் சேர்ந்திருக்கிறேன். ஓய்வுபெற இரண்டு வருஷம்தான் இருக்கிறது, ஆபீசில் யாரும் என்னைப் போகச்சொல்லவில்லை, உனக்காகத்தான் போனேன். வாத்தியார் சிமுகொண்டா உன்னைவிடச் சின்னவர். எனக்குப் பக்கத்து நாற்காலி முட்டாலே, சிசொகொனே சந்தையில் தக்காளி விற்கிறவள், கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. முதல் நாள் எந்தப் பொத்தானை அழுத்தினால் உயிர் வரும் என்று நான்தான் அவளுக்குக் காட்டிக்கொடுத்தேன், ஊரையே வாங்கிக்கொடுத்த மாதிரி ஒரு பெருமை. மூன்றாவது வாரம் அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஷிப்டில் எத்தனை பேர் என்று எண்ணச் சொன்னால், நான் பழக்கதோஷத்தில் பெட்டி ஒன்று வை, அதில் பூஜ்யம் போடு, முதல் ஆளை எடு, பார், ஒன்று கூட்டு, அடுத்த ஆளுக்குப் போ என்று ஆரம்பிப்பேன். உன் மொழி ஒப்புக்கொள்ளாது. ஒரு பெயருக்கு ஒரு மதிப்பு கொடுத்தால் கொடுத்ததுதான், அப்புறம் மாற்ற முடியாது என்கிறது. மெஷின் கெட்டுப்போச்சு என்று நான் கத்தினேன், கூடமே திரும்பிப் பார்த்தது. முட்டாலேதான் சிரித்துக்கொண்டே, "ஏன்க்கா, 'பெரிய தக்காளியெல்லாம் தனியா வை'ன்னு தங்கச்சிகிட்ட சொன்னா போதாதா? மொதத் தக்காளிய எடு, பாரு, கீழ வை, ரெண்டாவத எடுன்னு பக்கத்துல நின்னு கத்துவீங்களா? உங்க வீட்டுக்காரர் எப்படித்தான் இத்தன வருஷம் தாங்குறாரோ" என்றாள். அப்பாவிடம் வந்து சொன்னேன். அந்தப் பொண்ணுக்கு ஒரு கோழி கொடு என்றார்.

பெண்ணே, தெரியாதவளுக்குக் கற்பது மட்டும்தான் வேலை. எனக்கு முதலில் மறக்கவேண்டியிருக்கிறது, அதுவோ மூளையில் இல்லை, விரலில் உட்கார்ந்திருக்கிறது. ஒருமுறை வைத்தது மாறாது என்பதுதான் கடைசிவரை தொண்டையில் நின்றது. நம் ஜனத்தில் அப்படியா? நீ பிறந்த அன்றைக்கு சோலா என்ற என் பெயர் போய் நான் பானா கசோண்டே ஆனேன், கசோண்டேயின் அம்மா. அதற்குப் பிறகு என் சொந்த அக்காகூட சோலா என்று கூப்பிட்டதில்லை. சிமுகொண்டாவிடம் இதைச் சொல்லிச் சண்டை போட்டேன். "மாத்தாதீங்கம்மா, புதுசா இன்னொண்ணு வைங்க, பழசு அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நீ எங்கோ போய் வேறு ஆளாகிவிட்டாய், என் பிள்ளை தொலைந்துபோனாள் என்றுதான் இத்தனை நாள் மருகிக்கொண்டிருந்தேன், பழையவளும் அதுபாட்டுக்கு இருப்பாள் என்று தோன்றவில்லை.

போன வாரம் உன் நாற்பது வரியை மறுபடி எடுத்துப் படித்தேன். நான் சிவப்புக் கோடு போட்ட பதினேழு இடத்தில் ஒன்றில்கூட உன் தப்பு இல்லை, எல்லாம் என் பழக்கம் எங்கெங்கே காணோமோ அங்கே போட்ட கோடு. அதில் ஒரு வரியைப் பெரிய கோடு போட்டு, தேவையற்றது என்று அடித்தே விட்டிருந்தேன். இப்போதுதான் அது என்ன சொல்கிறதென்று புரிந்தது. பத்து வயதுக்குக் கீழே பிள்ளை இருப்பவர்களைச் சாயங்கால ஷிப்டில் போடாதே என்கிறது. என் அறுநூறு வரியில் அது இல்லை. என் புரோகிராம் என் பெயரையே சாயங்காலத்துக்குப் போட்டது, நான் போனேன், அப்போது சின்னப் பிள்ளையான நீ பக்கத்துவீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஒருநாளும் என்னிடம் குறை சொன்னதில்லை நீ. அதை எழுதி அனுப்பியிருக்கிறாய், நான் அடித்துத் திருப்பியிருக்கிறேன். சமையலறையில் உட்கார்ந்து அழுதேன் கசோண்டே. மன்னித்துக்கொள்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், ரொட்டியைத் தின்றே காலத்தை ஓட்டாதே, வாரத்தில் இரண்டு நாளாவது சோளமாவில் நிஷிமா கிண்டிச் சாப்பிடு. ஆண்டவர் உன் கைக்கும் கண்ணுக்கும் பலம் கொடுக்கட்டும், நல்ல மனிதர்கள் உன்னைச் சூழ்ந்திருக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நாற்பதில் முப்பத்தொன்பது வரி எனக்குப் புரிந்துவிட்டது, பதினான்காவது வரி புரியவில்லை. சிமுகொண்டா ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார், முட்டாலேகூட எட்டிப் பார்த்தாள், காகிதத்தை மடித்துவிட்டேன். அதை வேறு யாரிடமும் கேட்பதாக இல்லை. நீ சொல்லித்தருவதற்கென்று வைத்திருக்கிறேன்.

உன் அம்மா,
பானா கசோண்டே