பத்தா, பதினாறா

செவ்வாய், ஆடி 12

முதலாம் ஆண்டு வகுப்பில் இன்று விடைத்தாள் கொடுத்தேன். பூஜ்யத்தையும் ஒன்றையும் மட்டும் வைத்து நான்கு இலக்க வரிசைகள் எத்தனை எழுதலாம் என்பது கேள்வி. விடை பதினாறு. முத்துச்செல்வி பத்து என்று எழுதியிருந்தாள். "பத்து எங்கனருந்து வந்துச்சு?" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் அம்மா புதுப்பட்டியில் பட்டாசுச் சரம் பின்னுகிறவர். "சிவப்பு வெடி ஒண்ணு, பச்சை வெடி பூஜ்யம்னு வச்சுக்கிட்டேன் மிஸ். சரத்தத் திருப்பிப் போட்டாலும் அதே சரந்தான? எதுக்கு ரெண்டு தடவை எண்ணுதீக?" என்றாள். நான் அடுத்த தாளை எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன். திருப்பினாலும் மாறாதவை நான்கு. மீதிப் பன்னிரண்டும் ஜோடி சேர்ந்தால் ஆறு. பத்தேதான். இதற்கா சிரித்தேன்?

நாளை முதல் வேலையாக அந்தப் பத்தையும் பலகையில் எழுதுவேன். சிரித்தவர்கள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்பேன். ஆனால் மதிப்பெண்ணை மாற்ற மாட்டேன். அவளிடம் ஒன்றே ஒன்று கேட்பேன்: "திரி ஒரு பக்கந்தான இருக்கு செல்வி, பத்த வச்சா எந்த வெடி முதல்ல வெடிக்கும்?"